நட்டு வைத்த மண்வெட்டி

சாமி வைக்காத குன்று, மனுஷர் கூடையில் சுமந்து வைத்த குன்று. கடல் வந்தால் தீவு, போனால் மேடு. அது என்ன, சொல்லுங்கள்? கப்பலா? இல்லை. ஆமையா? இல்லவே இல்லை. அது ஒரு ஊர்!

வடக்கே வெகுதூரத்தில் ஃபிரீசியா என்று ஒரு சீமை, தோசைக்கல் மாதிரித் தட்டை. கடல் நினைத்தபோதெல்லாம் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்கும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் களிமண்ணும் சாணமும் கொட்டி, கொட்டி, கொட்டி ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் குடியேறினார்கள். அப்புறம் அவர்கள் பேரப்பிள்ளைகள் வயலைக் காக்கக் கடலோரம் கரை கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு கரை. அதைக் காக்க முடியாதவர் தன் மண்வெட்டியை அதில் நட்டுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டும். பிடுங்குகிறவருக்கு அவர் வீடும் வயலும் சொந்தம், கரையும் சொந்தம். அதுதான் ஊர்க்கட்டு.

அங்கே ஃபென்னா என்று ஒருத்தி, புருஷன் இல்லாதவள். அவள் மகள் நின்கே, பத்து வயசு. பக்கத்துக் கரைக்காரன் வைபோ. அவனுக்கு ஃபென்னாவின் புல்வயல்மேல் ஒரு கண்.

ஃபென்னா கிளிஞ்சல் கலந்த மண்ணைப் போட்டுக் கரையைப் பூசினாள். காலையில் பார்த்தால் பள்ளம். மறுபடி பூசினாள், மறுபடி பள்ளம். மூன்றாம் தடவையும் பள்ளம்!

"அம்மா, வைபோ மாமா கரை மட்டும் வளருதே, எப்படி?"

"சும்மா இருடி. பார்க்காததைச் சொல்லக்கூடாது."

கை கொப்புளித்துப்போய், அழுதுகொண்டே ஃபென்னா மண்வெட்டியை நட்டாள். மூட்டை கட்டினாள். வைபோ ஓடிவந்து பிடுங்கினான்.

"வயலும் எனக்கு! கரையும் எனக்கு!"

அன்று மத்தியானமே புயல். கடல் நேராக அந்தப் பள்ளத்தைத் தேடி வந்து, கரையைப் பிளந்து, வயலை மூடியது. ஊர் குன்றின்மேல் ஏறித் தப்பியது.

தண்ணீர் வடிந்ததும் ஊர்ப்பெரியவர் கேட்டார். "உடைஞ்ச கரை யாரோடது?"

"என்... என்னோடதுதான்."

"அப்போ அடை. இங்கே இருந்த மண் எங்கேப்பா போச்சு?"

நின்கே வைபோவின் பழைய கரையைக் காட்டினாள். அது இரண்டாள் உயரம். மழை கழுவியதில் ஃபென்னா கலந்த கிளிஞ்சல் அதில் பளபளத்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவன் கூடைக்கு ஒரு கையும் நீளவில்லை. ஒரு கூடை கொட்டினான், கடல் தின்றது. இரண்டு, தின்றது. மூன்று, அதையும் தின்றது. வைபோ தன் மண்வெட்டியை நட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

"யார் பிடுங்கறீங்க?" என்றார் பெரியவர். "பிடுங்கினா நாங்க எல்லாரும் கூடை எடுப்போம்."

எல்லோரும் ஓட்டையைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். ஃபென்னாவின் மூட்டை, புயலால் கிளம்பாமல் நின்ற படகில் இருந்தது. அக்கரையில் சித்தி வீடு, கடல் எட்டாத ஊர், சூடான ரொட்டி.

"எனக்குத் தெம்பில்லைடி கண்ணு. நீயே சொல்லு. படகா, கரையா?" என்றாள் ஃபென்னா.

நின்கே மண்வெட்டியைப் பிடுங்கினாள்.