‘மற்றவை’ என்ற கட்டம்

“என் ஃபாரத்துல ஒரு கட்டம்கூடக் காலியா இல்லை, மேடம். உங்க ஃபாரத்துல பாதி காலி. ஆனா உங்க ஆளுங்க திரும்பி வர்றாங்க. என் ஆளுங்க ஒருத்தர்கூட வரலை. ஏன்?”

கேட்டவர் சங்கரலிங்கம். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு உதவும் மையத்தில், வருகிறவர்களின் விவரங்களைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்.

கற்றுக்கொடுப்பவர் நூர்ஜஹான். வயது முப்பத்தொன்று.

“எத்தனை பேர் சார்?”

“நாற்பது. போன் பண்ணினா பாதி நம்பர் உபயோகத்துலயே இல்லை. நாற்பத்தொண்ணாவது ஆளும் வரலைன்னா, நான் வீட்டுக்குப் போறேன்.”

நூர்ஜஹான் கை நீட்டினார். சங்கரலிங்கத்தின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

“மேடம், அது என் பேனா!”

“தெரியும் சார்.”

நாற்பத்தொன்றாவது ஆள் உள்ளே வந்தார்.

பெயர் இசக்கிமுத்து. மரக்கடையில் வேலை. உட்காருவதற்குள் மூன்று முறை இருமினார்.

சங்கரலிங்கத்தின் கை சட்டைப்பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

“ஒரு நாளைக்கு எத்தனை பீடி?”

“ரெண்டு மூணு இருக்கும்.”

வழக்கமாக, ‘மூன்று’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இப்போது எழுத வழியில்லை. இசக்கிமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கிமுத்து நெளிந்தார்.

“ரெண்டு மூணு கட்டு.”

“முதல் பீடி எப்ப?”

“கண்ணு முழிக்கதுக்கு முன்னாடி.”

“எதுக்காக விடணும்னு நினைக்கிறீங்க?”

இதற்குப் படிவத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. உடல்நலம், குடும்பம், செலவு, மற்றவை. நாற்பது பேருக்கும் முதல் கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தார்.

“உடம்புக்குத்தான்.”

சங்கரலிங்கம் காத்திருந்தார்.

“உடம்புக்குன்னா... கபடிக்கு சார்.”

“இந்த வயசுலயா?”

“நாப்பத்திமூணு ஒரு வயசா? வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, பழைய ஆட்டக்காரங்களுக்குன்னு ஒரு போட்டி வைப்பாங்க. நான்தான் ‘கபடி கபடி’ன்னு பாடிக்கிட்டுப் போவேன். நாலு எட்டுல மூச்சு அறுந்துரும். எதிர் டீம்ல யாரு? என் மச்சான். அமுக்கிப் பிடிச்சு, மேல உக்காந்துக்கிட்டு, ‘மாப்ள, பாட்டு முடிஞ்சுதா, இன்னும் ஒரு சரணம் இருக்கா?’ன்னு கேக்கான். மூணு வருசமா கேக்கான் சார்!”

சங்கரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். இசக்கிமுத்துவும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வெள்ளிக்கிழமை விடுவதென்று முடிவாயிற்று. டாக்டரைப் பார்க்க எழுந்த இசக்கிமுத்து, கதவருகே நின்றார்.

“சார், என் நம்பரை வாங்கிக்கலையே?”

அவரே சொன்னார். இரண்டு முறை.

நூர்ஜஹான் டிராயரைத் திறந்தார்.

“இப்ப எழுதுங்க சார்.”

எல்லாமே நினைவில் இருந்தன. ‘மற்றவை’க்கு விட்டிருந்த இடம் ஒரு விரலகலம். எழுத்து கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் போனது.

வாராவாரம் சங்கரலிங்கம் போன் செய்தார். முதல் கேள்வி பீடியைப் பற்றியதல்ல.

“மச்சான் என்ன சொல்றாரு?”

இரண்டாவது வாரம் இசக்கிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து ஒண்ணு பிடிச்சிட்டேன் சார்.”

“மச்சான்கிட்ட சொல்லட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்!”

அதற்குப் பிறகு பிடிக்கவில்லை.

எட்டாவது வாரம், மையத்தைப் பூட்டும் நேரத்தில் போன் அடித்தது. ஒரே இரைச்சல். நடுவே ஒரு பெண் குரல்.

“சார், நான் இசக்கிமுத்து வீட்டுக்காரி. கொடை மைதானத்துல நிக்கேன். அவுக ஏறிப் போறாக. இதைக் கேளுங்க!”

போனை ஆட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்போல.

“கபடி கபடி கபடி கபடி கபடி...”

சங்கரலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

“எங்க அண்ணன் குறுக்க வாரான் சார்... காலைப் பிடிக்கப் போறான்... ஐயோ... எங்க அண்ணன் விழுந்துட்டான் சார்! விழுந்துட்டான்!”

நூர்ஜஹான் படிவத்தை எடுத்து, கடைசிக் கட்டத்தைக் காட்டினார். ‘எட்டாவது வாரம்: நிலை.’ பேனாவையும் நீட்டினார்.

சங்கரலிங்கம் கையை உயர்த்தித் தடுத்தார்.

“பொறுங்க மேடம். இன்னும் பாடிக்கிட்டிருக்காரு.”