பனைமரத்துத் தட்டல்

ஒரு காட்டில், பிள்ளைகளா, செய்தி சொல்வது மரங்கொத்திகளின் வேலை. ஏரிக்கரை ஆலமரத்தில் ஒரு மரங்கொத்தி 'டொக் டொக்' என்று தட்டும். அதைக் கேட்டு அடுத்த மரத்து மரங்கொத்தி தட்டும். மலையில் மழை வலுத்தால், வெள்ளம் வந்து சேருவதற்குள் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

காட்டின் கடைசியில் இருந்த பள்ளத்துக்கு மட்டும் எந்தத் தட்டலும் எட்டாது. நடுவில் ஒரு மொட்டைப் பாறை மேடு. அதில் ஒற்றைப் பனைமரம். அங்கே போய் உட்கார எந்த மரங்கொத்தியையும் யாரும் அனுப்பவில்லை.

அந்தப் பள்ளத்தில் சிற்றடி என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் முயல் அளவே உள்ள சின்ன மான். போன மழைக்காலத்தில் வெள்ளம் வருவது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு குட்டிகளில் ஒன்றைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இந்த வருஷமும் மேகம் திரண்டது. மிச்சமிருந்தது ஒரே குட்டி.

"இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகாது" என்று, குட்டியை முள்ளம்பன்றி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பகல் முழுக்க நடந்து ஏரிக்கரைச் சபைக்கு வந்தாள்.

சபையில் யானை ராஜா இருந்தார். பக்கத்தில் மந்திரி நரியார்.

"ராஜா, எங்கள் பள்ளத்துக்குத் தட்டலே கேட்பதில்லை" என்றாள் சிற்றடி.

நரியார் முந்திக்கொண்டார். "அதெப்படி? காட்டில் எல்லாருக்கும் கேட்கிறது. நானே கணக்கெடுத்திருக்கிறேன்!"

"எப்படி எடுத்தீர்கள், ஐயா?"

"'தட்டல் கேட்காதவர்கள் பௌர்ணமிக்குள் வந்து சொல்லுங்கள்' என்று அறிவித்தேன். ஒருவர்கூட வரவில்லையே!"

"எதைக்கொண்டு அறிவித்தீர்கள்?"

"இதென்ன கேள்வி? மரங்கொத்தியை விட்டுத் தட்டித்தான்!"

சபையில் ஒரு குரங்கு களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், முயலிலிருந்து கரடி வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாவம், நரியாருக்கு மட்டும் விளங்கவில்லை.

யானை ராஜா சிரிக்கவில்லை. "இந்தக் கணக்கை நானும் நம்பினேனே! தப்பு என்னுடையது, தாயே. மேட்டுப் பனைக்கு ஒரு மரங்கொத்தியை அனுப்புகிறேன்" என்றார்.

நரியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏழே ஏழு குடும்பம், ராஜா! அந்தப் பனையில் புழு பூச்சியும் கிடையாது. எந்த மரங்கொத்தி போய்ப் பட்டினி கிடக்கும்?"

"இங்கேதான் புழு கொட்டிக் கிடக்கிறதே! ஏரிக்கரையில் தட்டுகிறவர்கள் ஆளுக்கு ஒரு வாய்ப் புழுவைத் தினமும் அந்தப் பனைக்கு அனுப்பட்டும்" என்றார் ராஜா.

"அப்படியானால் நான் போகிறேன்" என்று பறந்து வந்தாள் பொன்முதுகி என்ற மரங்கொத்தி.

அவள் பனையில் குடியேறிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சிற்றடி குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மேட்டிலிருந்து தட்டல் கேட்டது.

'வெள்ளம்! மேடேறு! மேடேறு!'

சிற்றடி குட்டியை முட்டி முட்டி எழுப்பினாள். "ஓடு கண்ணு, திரும்பிப் பார்க்காதே!" என்று அதைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். பள்ளத்தில் இருந்த எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். கடைசி முள்ளம்பன்றி மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் கால் வைத்தபோது, கீழே பள்ளம் முழுக்கத் தண்ணீர் சுழன்றது.

பனையில் பொன்முதுகி இன்னும் தட்டிக்கொண்டே இருந்தாள். இறகெல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

"போதும் பொன்முதுகி! எல்லாரும் வந்துவிட்டோம்!" என்று கத்தினாள் சிற்றடி.

"அதை நீயே ராஜாவிடம் சொல். காலால் பாறையைத் தட்டு, அதை நான் அனுப்புகிறேன்."

சிற்றடி தன் சின்னக் குளம்பால் தட்டினாள். 'ஏழு குடும்பமும் மேட்டில் இருக்கிறோம். நன்றி.' பள்ளத்துக்காரர்கள் அனுப்பிய முதல் செய்தி அதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரைப் பக்கமிருந்து பதில் வந்தது. பொன்முதுகி கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள்.

"ராஜா கேட்கிறார், உன் குட்டி பத்திரமா என்று."

இத்தனை காலத்தில் அங்கிருந்து யாரும் சிற்றடியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கால்களுக்கிடையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை நக்கிக் கொடுத்தாள்.

"பத்திரம் என்று சொல். பொன்முதுகியால்தான் என்றும் சொல்."

"ஐயே, அதைப் போய் நானே எப்படித் தட்டுவது? வெட்கமாக இருக்கிறதே!"

"தட்டு, அம்மா. காடு முழுக்கக் கேட்கட்டும்" என்றாள் சிற்றடி.

நீதி: செய்தி எட்டாதவர்களைச் செய்தி அனுப்பித் தேடாதே, நேரில் போய்க் கேள்.