சிங்கம் குடித்த இடம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் ஓடை ஒன்று இருந்தது, பிள்ளைகளே. ஓடை எல்லோருக்கும் பொது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! மானும் யானையும் காட்டெருமையும் மேல்துறையில் குடிக்கும். செத்ததைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருந்த கழுதைப்புலிகள் மட்டும் கீழே போய், மற்றவர்கள் கலக்கிவிட்ட தண்ணீரைக் குடிக்க வேண்டும். யார் வைத்த வழக்கமோ, தெரியாது.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. கீழ்ப்பக்கம் வற்றிச் சேறாகிவிட்டது. ஒரு தாய்க் கழுதைப்புலி, நாக்கு வறண்ட தன் குட்டியைக் கவ்விக்கொண்டு சிங்கராஜாவிடம் ஓடியது.

"அரசே, என் பிள்ளை செத்துவிடுவான். மேல்துறையில் ஒரு வாய் குடிக்க விடுங்கள்."

சிங்கத்துக்கு நல்ல மனசு. அதனால் பொறுக்க முடியவில்லை.

"என்ன அநியாயம் இது! இன்று முதல் யாரும் எங்கும் குடிக்கலாம். தடுப்பவரைச் சும்மா விடமாட்டேன்!" என்று கர்ஜித்தது. இருவாச்சிப் பறவை மரத்துக்கு மரம் பறந்து ஆணையை அறிவித்தது.

சிங்கமே இருவரையும் மேல்துறைக்கு அழைத்துப் போனது. விலங்குகள் விலகி வழிவிட்டன. குட்டி மடக் மடக்கென்று குடித்தது.

"பார்த்தாயா? பழைய வழக்கம் இன்றோடு ஒழிந்தது" என்றது சிங்கம், பெருமையாக.

பிறகு அதற்கும் தாகம் எடுத்தது. குட்டி வாய் வைத்த இடத்தைப் பார்த்தது. பத்தடி மேலே நடந்து போய், அங்கே குனிந்து குடித்தது. அத்தனை விலங்குகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றன.

மறுநாள் எல்லோரும் சிங்கம் குடித்த இடத்துக்கு மாறிவிட்டார்கள். குட்டி குடித்த இடம் காலியாகக் கிடந்தது. தண்ணீர் கிடைத்தால் போதும் என்று தாயும் பேசாமல் இருந்தது.

சிங்கம் எல்லையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிப் போனது. பத்து நாளில் ஓடை இன்னும் சுருங்கி, குட்டி குடித்த இடமும் சேறாகிவிட்டது. தாய் குட்டியோடு மேலே போனது. விலங்குகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"கொஞ்சம் நகருங்களேன், பிள்ளைக்குத் தாகம்."

"நாங்கள் தடுக்கவே இல்லையே, அம்மா! அரசர் ஆணை இருக்கிறதே. இடம் இருந்தால் தாராளமாகக் குடி" என்றது கடமான். ஆனால் ஒரு காலும் நகரவில்லை. மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதே பதில்.

சிங்கம் திரும்பி வந்ததும் இருவாச்சியிடம் கேட்டது: "என் ஆணையை யாராவது மீறினார்களா?"

"ஒருவர்கூட இல்லை, அரசே!"

சிங்கம் மகிழ்ந்துபோனது. அப்போது தாய்க் கழுதைப்புலி தனியாக வந்து நின்றது.

"வா அம்மா! உன் குட்டி எங்கே?"

"நேற்றே போய்விட்டான், அரசே. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அன்றைக்கு அவன் வாய் வைத்த இடத்தில் நீங்களும் ஒரு வாய் குடித்திருந்தால், இன்று அவன் என்னோடு வந்திருப்பான்."

சிங்கம் எழுந்து ஓடைக்குப் போனது. எல்லோரும் பார்க்க, குட்டி குடித்த அதே இடத்தில் குனிந்தது. அங்கே வெறும் சேறுதான் இருந்தது.

நீதி: அரசன் வாயால் இட்ட ஆணையைவிட, அவன் கால் நடந்த வழியைத்தான் ஊர் பின்பற்றும்.