தோட்டா தீர்ந்த பிறகு

இளமாறன் அந்த மலைத்தளத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இலகுரகப் போர் ஹெலிகாப்டரில் பயிற்சி. அவனுக்குக் கற்றுக்கொடுத்த விங் கமாண்டர் எஸ்தர் அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் காலையில் அவன் கேட்டான்.

“மேடம், நம்ம ஹெலிகாப்டர் சுமக்குறதே கொஞ்சம். இதை நம்பி எப்படி ஆட்களை முகட்டுல இறக்குறாங்க?”

“அங்க போனாத்தான் தெரியும்,” என்றார் எஸ்தர்.

அன்று மதியமே அழைப்பு வந்தது. பதினைந்தாயிரம் அடி உயரத்தில் இருபத்தெட்டு வீரர்களை அவசரமாக இறக்கியிருந்தார்கள். மேலேயுள்ள பாறையிலிருந்து இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களைச் சுட்டன. தலைதூக்க முடியவில்லை. பீரங்கி ஏறி வர இரண்டு நாளாகும். கனத்த ஹெலிகாப்டர்கள் அந்த உயரத்தில் திணறும்.

எட்டு நிமிடத்தில் இவர்கள் அங்கே இருந்தார்கள். முன்னிருக்கையிலிருந்து இளமாறன் சுட்டான். மூன்று முறை பாய்ந்ததில் ராக்கெட்டும் தோட்டாவும் தீர்ந்தன.

“ஒண்ணு அடங்கிடுச்சு மேடம். இன்னொண்ணு இருக்கு. நம்மகிட்ட ஒண்ணுமில்லை, திரும்பிடலாம்.”

“எரிபொருள்?”

“இன்னும் பத்து நிமிஷம் இங்க நிக்கலாம்.”

எஸ்தர் அதே பாறையை நோக்கி இறங்கினார்.

நெருங்கியதும் துப்பாக்கி நின்றது. சுட்டவர்கள் பாறைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்கள். கடந்ததும் மறுபடி சுட்டது. இளமாறனுக்குப் பின்னால் ஹெலிகாப்டரின் தகட்டில் ஏதோ பட்டுத் தெறித்தது. எஸ்தர் வட்டமடித்து மீண்டும் இறங்கினார். பிறகு இன்னொரு முறை.

அப்போதுதான் அவன் கீழே பார்த்தான். வீரர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தளத்திலிருந்து இன்னொரு போர் ஹெலிகாப்டர் வந்த பிறகே எஸ்தர் திரும்பினார்.

“அவங்க பதுங்காம நேருக்கு நேரா சுட்டிருந்தா நாம போயிருப்போம் மேடம்,” என்றான் இளமாறன், தரையிறங்கியதும்.

மாலையில் காயம்பட்டவர்கள் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எஸ்தர் அவனை மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப்போனார். தோளில் கட்டுடன் படுத்திருந்த ஹவில்தார் சுடலைமுத்து எழ முயன்றார்.

“படுங்க. எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?”

“இருபத்தெட்டு பேரும் இருக்கோம் மேடம்.”

“நாங்க எத்தனை தடவை தாக்கினோம், கவனிச்சீங்களா?”

“எண்ணிக்கிட்டேதான் கிடந்தேன். ஆறு தடவை. கடைசித் தடவைதான் நாங்க ஓடிக் கடந்தோம்.”

“இல்லை ஹவில்தார், அதுல மூணு தடவை தோட்டாவே...” என்று இளமாறன் ஆரம்பித்தான்.

“ஆறுதான்,” என்றார் எஸ்தர்.