அழுங்கு தேடிய இசையமைப்பாளர்

மூங்கில் காட்டில் சுருளன் என்று ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். குழப்பம் வந்தாலும் சுருண்டுகொள்ளும். அந்தக் கோடையில் அது நிமிர்ந்து நடந்ததைவிடச் சுருண்டு கிடந்ததுதான் அதிகம்.

காரணம், அது உருவாக்கிய கணினி விளையாட்டு. காட்டில் ஏது கணினி என்று கேட்காதீர்கள். பேசும் அழுங்கை நம்பிவிட்டீர்கள் அல்லவா, இதையும் நம்பிவிடுங்கள்!

விளையாட்டு இதுதான். விளையாடுகிறவர் ஒரு யானைக்குட்டியாக மாறிவிட வேண்டும். திரை முழுக்கப் பனிமூட்டம். நடுவே ஓர் இடிந்த கோட்டை. எந்தப் பக்கம் நடப்பது, எதிரில் வருபவரை நம்புவதா வேண்டாமா, எல்லாம் குட்டியின் இஷ்டம். கூட்டத்தைப் பிரிந்த அந்தக் குட்டி கடைசியில் தாயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சுருளன் சின்ன வயதில் ஒரு வெள்ளத்தில் தாயைத் தொலைத்தது. தேடாத இடமில்லை. கிடைக்கவே இல்லை. விளையாட்டிலாவது ஒரு பிள்ளை தன் தாயிடம் போய்ச் சேரட்டும் என்று அதற்கு அவ்வளவு ஆசை.

படங்களை வரைந்தது மின்னி என்ற மலையணில். இசை மட்டும்தான் பாக்கி. ஆனால் கணினி கரடிக்குச் சொந்தம். கரடியோ கறாரான பேர்வழி.

"நம்ம காட்டுத் திருவிழா அன்னிக்கு ஒரு பிள்ளையாவது இதைக் கடைசி வரைக்கும் விளையாடணும்! இல்லேன்னா கணினியை வேற யாருக்காவது கொடுத்துடுவேன்!" என்று சொல்லிவிட்டது.

"போட்டி வைப்போம் அண்ணே! நல்லாப் பாடுறவங்களை எடுத்துக்குவோம்!" என்றது மின்னி.

காட்டின் பாடகர்கள் எல்லாரும் குளக்கரையில் கூடினார்கள். சுருளன் ஒரு கல்மேல் ஏறி நின்றது.

"உங்க பாட்டுலயே ரொம்ப நல்ல பாட்டு எதுவோ, அதைப் பாடுங்க!" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

குயில் பாடியது. இதுதான் சரி என்று சுருளனுக்குத் தோன்றியது. தவளைகள் முழங்கின. இல்லை, இதுதான் சரி என்று தோன்றியது. மரங்கொத்தி தாளம் போட்டது. அடடா, இதுவல்லவா என்று தோன்றியது. உடனே சுருண்டுகொண்டது.

"அண்ணே, வெளியே வாங்க! யாரு வேணும்?" என்று மின்னி செதிலைத் தட்டியது.

"எல்லாரும் வேணும்போல இருக்கு. யாருமே வேண்டாம்போலவும் இருக்கு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கேட்காமலே யோசனை சொல்லும் நரி ஒன்று பக்கத்தில் நின்றது. "இதுல என்ன குழப்பம்? கைதட்டல் யாருக்கு அதிகம்? குயிலுக்கு! குயிலைப் போடு!" என்றது.

குயிலின் பாட்டைப் பதிவு செய்து விளையாட்டில் சேர்த்தார்கள். காட்டிலுள்ள குட்டிகளைக் கூப்பிட்டு விளையாட உட்கார வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. குட்டிகள் கண்ணை மூடித் தலையாட்டின. திரையில் யானைக்குட்டி முதல் வாசலிலேயே நின்றது. பாட்டு முடிந்ததும் எல்லாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டன.

"எல்லாரும் எப்படி ரசிச்சாங்க, பார்த்தீங்களா!" என்று மின்னி குதித்தது.

"ரசிச்சாங்க, சரி. ஒருத்தர்கூட அம்மாவைத் தேடிப் போகலையே!" என்றது சுருளன்.

"பனிமூட்டம்னா பயம் வேணும்! தவளைகளைப் போடு!" என்றது நரி.

தவளைகளைப் போட்டார்கள். குட்டிகள் அலறியடித்துப் புதருக்குள் ஓடின.

"அப்படியா? மூணையும் கலந்துடு!" என்றது நரி.

கலந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகளே காதைப் பொத்திக்கொண்டு ஓடின! "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று நரியும் நழுவிவிட்டது.

மறுநாள் திருவிழா. சுருளனுக்குத் தலை சுற்றியது. எதற்கும் முதலில் குயிலிடம் சொல்லிவிடுவோம் என்று மாமரத்தடிக்குப் போனது.

"குயிலாரே, கோவிச்சுக்காதீங்க. உங்க பாட்டு வேண்டாம்."

"ஏன்? நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் வேண்டாம்."

"எனக்குப் புரியலையே!"

"எனக்கும்தான் புரியல!" என்று சுருளன் அழுதேவிட்டது. "அந்தக் குட்டி பனியில தனியா நிக்குது. அம்மா எங்கேன்னு அதுக்குத் தெரியல. பிள்ளைங்க உங்க பாட்டைக் கேட்டதும் அதை மறந்துடுறாங்க!"

குயில் கிளையிலிருந்து இறங்கி வந்தது. "எந்தக் குட்டி? எந்த அம்மா?"

"விளையாட்டுல வர்ற யானைக்குட்டிதான்!"

"அதை யாரு எங்கிட்ட சொன்னது? நல்ல பாட்டாப் பாடச் சொன்னீங்க, பாடினேன். அது மாம்பூ பூத்த சந்தோஷத்துல பாடுற பாட்டு!"

சுருளன் திகைத்தது. யோசித்துப் பார்த்தது. உண்மைதான்! குயிலிடமும் சொல்லவில்லை, தவளைகளிடமும் சொல்லவில்லை, மரங்கொத்தியிடமும் சொல்லவில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டதே தவிர, எதற்காக என்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. முதன்முறையாக உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னது.

குயில் இன்னும் கிட்டே நகர்ந்து வந்தது.

"நான் காக்கைக் கூட்டுல பொரிஞ்சவன். பெத்தவ முகத்தை நான் பார்த்ததே இல்ல. போயும் போயும் எங்கிட்டயா இந்தக் கதையைச் சொல்லாம விட்டீங்க!" என்றது.

அன்று மாலை குயில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விளையாட்டை முழுவதும் பார்த்தது. பிறகு பாடவில்லை, கூப்பிட்டது. ஒரே ஒரு கூவல். நீண்ட மௌனம். தூரத்திலிருந்து வருவதுபோல இன்னொரு கூவல். மறுபடி மௌனம். மின்னி அதைப் பதிவு செய்துகொண்டது.

திருவிழாவில் ஒரு முயல்குட்டி விளையாட உட்கார்ந்தது. பனியில் யானைக்குட்டி நின்றது. எங்கோ ஒரு கூவல் கேட்டது, உடனே அடங்கிவிட்டது. முயல்குட்டி காதை விடைத்தது. குட்டியை அந்தப் பக்கம் நடத்தியது. வழி தவறியது, திரும்பி வந்தது, மறுபடி காது கொடுத்தது. கோட்டை முழுவதையும் அப்படியே கடந்துவிட்டது. கடைசியில் பனி விலகியது. தாய் யானை நின்றது. அங்கே குயில் எந்தச் சத்தமும் வைக்கவில்லை.

முயல்குட்டி திரையையே பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு எழுந்து, "அம்மா!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடியது.

யாரும் கைதட்டவில்லை. கரடி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கணினி உங்கிட்டயே இருக்கட்டும்பா" என்றது.

என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாதவனுக்கு, எத்தனை திறமைசாலிகள் வரிசையில் வந்து நின்றாலும் குழப்பம்தான் மிஞ்சும்.