அறிவானந்தபுரத்து முன் பெஞ்சு

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் அறிவானந்தபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெயர் வைத்தவர் ஊரைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனவர்.

ஊர் நடுவில் ஒரு கிறிஸ்தவக் கோயில். அதற்குப் போதகர் தேவஇரக்கம் ஐயா. தங்கமான மனிதர். போகிற ஊரிலெல்லாம் வீட்டு முற்றத்தில் ஒரு மாங்கன்று நடுவார். மரம் காய்க்கும் முன்பு மாற்றல் உத்தரவு வந்துவிடும். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ அவருடைய மாம்பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். அறிவானந்தபுரத்தில் வைத்த மரம்தான் முதல்முறையாக அவர் கண்முன்னே பூத்தது. தினமும் காலையில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார், பாவம்.

அந்த நேரம் பார்த்து பிஷப் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு பிஷப் வருகிறாராம். சபையில் ஆள் குறைவென்று கேள்விப்பட்டாராம். முன் பெஞ்சுகூட நிறையாத சபையைத் தனியாக வைத்திருப்பானேன், பக்கத்துப் பொட்டல்விளைச் சபையோடு சேர்த்துவிட்டுப் போதகரை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறாராம்.

பொட்டல்விளையோடா! கோயில் விருந்தில் சாம்பாருக்குக் கத்தரிக்காய் போடாத ஊரோடா! அறிவானந்தபுரம் கொதித்துப்போனது. போதகர் மட்டும் மாமரத்தைப் பார்த்தார்.

சபைக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர். செயலாளர் வேதமாணிக்கம், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், பேசி முடித்த பிறகு திறக்க மறந்துவிடுவார். பொருளாளர் அருமைநாயகம், யார் எதைச் சொன்னாலும் ஆமோதிப்பார். மூன்றாமவர் கோயில் மணியடிக்கும் ஞானசிகாமணி. ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரைக் கொடுத்தது மற்ற இரண்டு பேர்.

இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று போதகர் யோசித்தார். சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவரை டவுனிலிருந்து வரவழைத்தார். வந்தவர் சுருக்கமாகப் பேசினார்.

"சபை செழிக்கணும்னா மூணே மூணு விஷயம். புதுசா யார் வந்தாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க, சபையில சேர்ற வரைக்கும் விடாதீங்க. அடுத்தது, உங்க போதகரை ஒருநாளும் தனியா விட்டுடாதீங்க. கடைசியா, முன் பெஞ்சு காலியா கிடக்கவே கூடாது."

மூவரும் அதை வாய்ப்பாடு மாதிரி திரும்பச் சொன்னார்கள். இவ்வளவு கவனமாகக் கேட்டவர்களை அவர் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை. மனம் நிறைந்து பஸ் ஏறினார். பிழைத்தார்.

அன்று சாயங்காலமே போதகர் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். வாசலில் கமிட்டி நின்றது.

"எங்கய்யா போறீய?" என்றார் வேதமாணிக்கம்.

"குளிக்கப் போறேன்."

"தனியாவா?"

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசனை செய்தார்கள். கடைசியில் ஞானசிகாமணி வழி கண்டுபிடித்தார். "நாம வெளிய நின்னு பாட்டுப் படிப்போம். சத்தம் உள்ள போயிரும். அப்ப ஐயா தனியா இல்ல பாத்துக்கிடும்."

அன்றிலிருந்து போதகர் குளிக்கும்போதெல்லாம் தெருவுக்கே கீர்த்தனை கேட்டது. படுக்கப் போனால் மூன்று பாய் முன்கூட்டியே விரித்திருக்கும். போதகரம்மா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் புது ஆள் ஒருவர் வந்து நின்றார். "பொட்டல்விளைக் கல்யாண வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். அருமைநாயகம் அவர் கையைப் பிடித்தார், உட்கார வைத்தார், விடவே இல்லை. ஆராதனை முடிந்தும் விடவில்லை.

"அண்ணாச்சி, நான் போட்டோ எடுக்கணும், தாலி கட்டப்போறாங்க!"

"சபையில சேருதேன்னு சொல்லும், விடுதேன்."

அவர் சபைப் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு ஓடினார். இன்றைக்கும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் பந்தி முடிந்து இலை எடுக்கிற படம் மட்டும்தான் இருக்கிறது. கமிட்டிக்கோ தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் ஒரு ஆள் சேர்ந்துவிட்டாரே!

முன் பெஞ்சுதான் மசியவில்லை. ஜனங்கள் கோயிலுக்கு வருவார்கள், ஆனால் முன் பெஞ்சில் மட்டும் உட்கார மாட்டார்கள். "அங்க உக்காந்தா ஐயா நம்ம வீட்டுச் சங்கதியையே பிரசங்கம் பண்ணுத மாதிரி இருக்கு" என்றாள் எஸ்தர் பாக்கியம். அவள் வீட்டில் சங்கதிக்குக் குறைவில்லை.

கமிட்டி முன் பெஞ்சைச் சுற்றி நின்று பார்த்தது.

"காலியா கிடக்கு" என்றார் வேதமாணிக்கம், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆமா, காலியாத்தான் கிடக்கு" என்றார் அருமைநாயகம்.

"கிடந்தாத்தானவே காலியா கிடக்கும்?" என்றார் ஞானசிகாமணி.

மற்ற இருவருக்கும் புல்லரித்தது. முன் பெஞ்சைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போதகர் வீட்டில் போட்டார்கள். அடுத்த ஞாயிறு வந்தது. இரண்டாவது பெஞ்சு இப்போது முன் பெஞ்சு ஆகிவிட்டதால் அதில் உட்கார்ந்தவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அதையும் தூக்கினார்கள். அதற்குப் பின்னால் இருந்ததும் காலியானது. அதையும் தூக்கினார்கள். போதகரம்மா பெஞ்சு மேல் ஏறி இறங்கித்தான் அடுப்படிக்குப் போக முடிந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் கோயிலில் ஒரே ஒரு பெஞ்சு மிச்சமிருந்தது. கமிட்டி திகைத்துப்போனது.

"இது கடைசி பெஞ்சு. இதுல உக்கார ஜனம் அடிச்சிக்கிடும்" என்றார் வேதமாணிக்கம்.

"முன்னால வேற பெஞ்சு இல்லியே வே. அப்ப இது முன் பெஞ்சும்தான்" என்றார் ஞானசிகாமணி.

"ஆமா, முன் பெஞ்சும்தான்."

"ஒண்ணு செய்வோம்" என்றார் ஞானசிகாமணி. "முன் பெஞ்சை மட்டும் எடுத்துருவோம். கடைசி பெஞ்சு கிடக்கட்டும்."

நல்ல யோசனைதான். முன் பெஞ்சை ஜாக்கிரதையாகத் தூக்கிப் போதகர் வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

"அடப்பாவிகளா!" என்று அலறினார் வேதமாணிக்கம். "கடைசி பெஞ்சை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!"

பொட்டல்விளைக்காரன்தான் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். வேறு வழியில்லாமல் போதகர் வீட்டிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள்.

பண்டிகையன்று பிஷப்பின் கார் வந்து நின்றது. கோயிலுக்குள் போதகரையும் கமிட்டியையும் தவிர ஆள் இல்லை. அந்த ஒற்றை பெஞ்சு முன் பெஞ்சு என்று தெரிந்ததும் சபை முழுவதும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. போதகர் ஜன்னல் வழியே மாமரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். உயரத்தில் ஒரே ஒரு காய், இன்னும் பச்சையாகத் தொங்கியது. இதையும் வேறு யாரோதான் தின்னப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிஷப் உள்ளே வந்தார். "ஜனங்கள் எங்கே?"

ஞானசிகாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற இருவரிடமும் திரும்பி, "இவிய நம்ம கோயிலுக்குப் புதுசு" என்று கிசுகிசுத்தார்.

அவ்வளவுதான். வேதமாணிக்கம் வலது கையைப் பிடித்தார். அருமைநாயகம் இடது கையைப் பிடித்தார். பிஷப்பை முன் பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த டிரைவரையும் ஞானசிகாமணி இழுத்து உட்கார வைத்தார். பெஞ்சு நிறைந்தது. வெளியே நின்ற சபை ஜன்னல் வழியே பார்த்துக் கைதட்டியது.

"பிரசங்கம் பண்ணணும், கையை விடுங்கப்பா" என்றார் பிஷப்.

"சபையில சேந்துட்டா விட்டுருவோம் பிஷப் ஐயா."

"எல்லாச் சபையும் என் சபைதானே!"

"அப்படிப் பொத்தாம்பொதுவா எழுத முடியாதுங்க ஐயா."

பாதி ஆராதனையில் பிஷப்புக்கு மூக்கு அரித்தது. அருமைநாயகம் மரியாதையாகச் சொறிந்துவிட்டார். அதற்கு மேல் பிஷப்பால் தாங்க முடியவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வேதமாணிக்கத்தின் கையும் சேர்ந்து எழுத, அறிவானந்தபுரம் சபை அங்கத்தினர் ஆனார். கையை விட்டார்கள். விட்டதும் எழுந்து ஒரே நடையாக வெளியே போய் வேப்பமரத்தடியில் ஜனங்களோடு நின்றுகொண்டார்.

வேதமாணிக்கத்துக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. "பாத்தீயளா! சேந்த உடனே முன் பெஞ்சை விட்டு எந்திச்சு வெளிய போயிட்டாவ. அசல் நம்ம சபை ஆளு!"

மரத்தடியில் நின்ற பிஷப் அதைக் கேட்டார். முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் போதகரிடம், "உம்மை எந்த ஊருக்கு அனுப்பலாம், தேவஇரக்கம்?" என்று கேட்டார்.

அதற்குள் கமிட்டி மூன்று பாயையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றது. "எந்த ஊருன்னு சொல்லுங்க ஐயா. நாங்களும் கூட வாரோம். போதகரைத் தனியா விடக்கூடாதுன்னு பயிற்சியில சொல்லியிருக்கு."

பிஷப் மூவரையும் பார்த்தார். வேறொரு ஊரை நினைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "மாற்றலும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாரும் இருக்கிற இடத்திலேயே இருங்கள். பொட்டல்விளை என்ன பாவம் செய்தது!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாம்பழம் பழுத்தது. போதகர் அதைத் தட்டில் வைத்துக் கத்தியை எடுத்தார். வாசலில் கமிட்டி நின்றது.

"தனியாவா சாப்பிடப் போறீய?" என்றார் வேதமாணிக்கம்.

ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். போதகரம்மாவுக்கு ஒரு துண்டு. போதகருக்குக் கொட்டை மிஞ்சியது. அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். அப்படி ஒரு இனிப்பு! சொந்த மரத்துப் பழம் அல்லவா. வெள்ளையாகும்வரை சப்பிவிட்டு, கொட்டையை முற்றத்தில் குழி தோண்டிப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

அன்று பொழுது சாய்ந்து வெகுநேரமாகியும் அவர் அறையில் பாய் விரிக்க யாரும் வரவில்லை. போதகர் ஆச்சரியப்பட்டு முற்றத்துக்கு வந்தார். குழியைச் சுற்றி மூன்று பாய் விரித்திருந்தது. மூவரும் மண்ணைப் பார்த்தபடி படுத்திருந்தார்கள்.

"இங்க என்னப்பா பண்றீங்க?" என்றார் போதகர்.

ஞானசிகாமணி உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க ஐயா. உள்ள தன்னந்தனியா கிடந்து பயந்துபோச்சு. பாட்டுப் படிச்சு இப்பத்தான் தூங்க வச்சிருக்கோம்."