கருமலைக்கு இரண்டு வேளைச் சோறு

மிருகங்கள் மனிதரிடம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கரிசல் காட்டில் இருளாயி என்றொருத்தி ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். நூறு ஆட்டுக்கும் காவல் ஒரே நாய். பெயர் கருமலை. கன்றுக்குட்டி உயரம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு.

நாள் முழுவதற்குமான களியை உச்சிப்பொழுதில் ஒரே தடவையாகத் தின்பது அதன் வழக்கம். "பிரிச்சுத் தின்னா என்ன?" என்று இருளாயி கேட்டால், "ரெண்டு தடவை சட்டிக்குள்ள தலையை விட்டா, அந்த நேரம் ஆட்டை யாரு பாக்குறது ஆத்தா?" என்னும். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் மத்தியானம் கருமலை ஒரு பானைக் கம்பங்களியை மெல்லாமல் விழுங்கி, தொட்டித் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நரி, குட்டியொன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"விடாதே கருமலை, பிடி" என்றாள் இருளாயி.

கருமலை மூன்று காடு தாண்டித் துரத்திக் குட்டியை மீட்டு வந்தது. குட்டிக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் நாயால் படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஓங்கரித்தது, எச்சில்தான் வடிந்தது. வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தது.

"ஆத்தா, உள்ளே என்னமோ பண்ணுது."

ஓடச் சொன்னது தான்தானே என்று இருளாயி பதறி அதன் பக்கத்தில் வந்தாள். ஈரப்புல் தின்று உப்பிய ஆடுகளை மெல்ல நடத்தி, வயிற்றை நீவிவிட்டு அவள் பிழைக்கவைத்ததுண்டு. வேறு வைத்தியம் தெரியாது. கருமலையையும் அப்படியே நடத்தினாள். நாலு எட்டு நடை, ஒரு நீவல். இரைப்பை திருகியிருந்தால் அவ்வளவுதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றன.

வெயில் சாயும்போது கருமலை நின்றது. கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. அப்படியொரு நெடிய ஏப்பத்தை அந்தக் காடு கேட்டதில்லை. நாற்றம் தாங்காமல் முன்வரிசை ஆடுகள் பின்வாங்கின. வயிறு தளர்ந்தது. இருளாயி உழுத மண்கட்டிமேல் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணிலும் நீர் வந்தது.

"ஆத்தா, பசிக்குது."

"இன்னைக்குப் பட்டினி கிட. நாளையிலிருந்து காலையில பாதி, சாயங்காலம் பாதி. தின்னுட்டுப் படுத்துக்கிடக்கணும்."

"அப்ப காவல்?"

குட்டியைப் பறிகொடுக்க இருந்த தாயாடு முன்னால் வந்தது. "நாங்க தின்ன உடனே ஓடுறதில்லை, படுத்து அசைபோடுறோம். நீ எங்களுக்காகத்தானே ஓடினே? நீ படுத்திருக்கிற நேரம் நாங்க நெருங்கி நிக்கிறோம். நரி வந்தா கத்துறோம், ஆத்தா கம்போட வருவா."

கருமலை யோசித்துப் பார்த்துத் தலையாட்டியது.

பெரிய நாய்க்குச் சோற்றை இரண்டாகப் பிரித்து வைப்பதும், தின்ற நாயை உணவு இறங்கும்வரை யாரும் ஓடவிடாமல் இருப்பதும், அதுவரை ஆடுகள் உடம்போடு உடம்பு ஒட்டி நிற்பதும் அந்த நாளில் தொடங்கியதுதான்.